செம்பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆபத்து இல்லையா?

கேள்வி: சுவரில் வளரும் ஒரு பாசியையும் சுண்டெலியையும் வகைப்பாடு, பாதுகாப்பு நிலை இரண்டிலும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். உயிரினங்கள் அழியும் ஆபத்தை மதிப்பிடும் பன்னாட்டுப் பட்டியலான ஐயூசிஎன் செம்பட்டியலில் பாசியின் பெயர் இல்லை. 'ஆபத்து இல்லை' என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'மதிப்பிடப்படாதது' என்றுதான் வரவேண்டும். அதாவது, யாரும் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. 'தரவு போதாதது' என்பதும் வேறு. ஆராய்ந்து பார்த்தும் முடிவு சொல்ல முடியாமல் நின்றது அது. சுண்டெலிக்குள்ள 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' (அழியும் ஆபத்து குறைவு) என்பதோ முறையாக மதிப்பிட்டுக் கொடுத்த நிலை.

அதற்கு முன்னால், உங்கள் பாசி எந்தப் பாசி? தமிழில் குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி. கொஞ்சம் கிள்ளியெடுத்து நீர் தெளித்து உருப்பெருக்கியில் பாருங்கள். குட்டித் தண்டும் அதைச் சுற்றிப் பொடி இலைகளும் தெரிந்தால் அது மாஸ் என்ற சிறு தாவரம். வழவழப்பான பச்சைப் படலம் மட்டும் என்றால் பெரும்பாலும் குளத்துப் பாசி போன்ற ஆல்காதான், அட்டவணையே மாறிவிடும்.

மாஸ்தான், அதுவும் பியூனேரியா என்ற மாஸ் வகை என்று வைத்துக்கொள்வோம். தாவர உலகம், பிரையோஃபைட்டா, பிரையாப்சிடா வகுப்பு, பியூனேரியேல்ஸ் வரிசை. சுண்டெலி விலங்குலகம், முதுகுநாணிகள், பாலூட்டிகள், கொறிவிலங்குகள் வரிசை, மியூரிடே குடும்பம். இரண்டின் செல்லிலும் உட்கரு உண்டு என்பதைத் தாண்டிப் பெரிய உறவு கிடையாது.

சரி, மாஸ் ஏன் கணக்கில் விடுபடுகிறது? ஆள் குறைவு என்பது ஒருபுறம். எண்ணுவதே சிக்கல் என்பது எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. எலியைப் பொறி வைத்துப் பிடித்து எண்ணலாம். மெத்தை மாதிரி பரவிய மாஸில் ஒரு செடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? அதனால் தரையிலும் பாறையிலும் வளரும் மாஸுக்கு ஒரு சதுர மீட்டரையும், மரத்தில் வளர்வதற்கு ஒரு மரத்தையும் 'ஒரு தனி உயிர்' என்று பாவித்து மதிப்பிடுகிறார்கள்.

அப்புறம், வகைப்பாட்டை வைத்து நிலையை ஊகிக்காதீர்கள். சுண்டெலியின் அதே மியூரிடே குடும்பம்தான் ஆஸ்திரேலியாவின் பிராம்பிள் கே என்ற சிறு தீவில் வாழ்ந்த மெலோமிஸ் என்ற எலியும். கடல் நீர் ஏறி ஏறித் தீவின் செடிகள் போயின. 2009க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. இன்று அது அற்றுப்போன இனம்.

உலக மதிப்பீட்டில் இல்லாத மாஸ் வட்டாரப் பட்டியலில் இருக்கக்கூடும். ஐரோப்பாவுக்கு 2019இல் தனிப் பட்டியல் வந்தது. அங்கே பெயர் கிடைத்தால் 'ஐரோப்பா, 2019' என்று நிலைக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.