இணைய நேரத்தோடு ஒத்திசைத்த பிறகும் கணினிக் கடிகாரம் தப்பாகக் காட்டுவது ஏன்?

கடிகார மென்பொருளில் 'ஒத்திசை' பொத்தானை அழுத்தியும் நேரம் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள். துல்லியமாக அரை மணியோ சில மணி நேரமோ வித்தியாசம் என்றால் நேர மண்டலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இணையத்தில் நேரம் சொல்லும் கணினியான சர்வர் அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டுமே. அதை உள்ளூர் நேரமாக்குவது உங்கள் கணினியின் வேலை.

சில நொடிகள்தான் பிசகு என்றால், மென்பொருள் சர்வரை எட்டவே இல்லை போலிருக்கிறது. நேரத்தைக் கேட்டு வாங்கும் என்டிபி நெறிமுறை, யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் 123-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், பேசும். ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு அதை அடைத்திருக்கலாம். அட்மின் அனுமதி இல்லாவிட்டாலும் இதே கதைதான்: நேரத்தைப் படிக்கும், மாற்றாது. விண்டோஸின் சொந்த நேரச் சேவையும் கூடவே ஓடினால் ஒன்றை நிறுத்திவிடுங்கள். ஒரே கடிகாரத்துக்கு இரண்டு எஜமானர்கள் வேண்டாம்.

இணையம் மெதுவாக இருக்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. கேள்வி போய்ப் பதில் வர 80 மில்லிநொடி ஆனால், அதில் பாதியான 40-ஐ மென்பொருள் பதிலில் உள்ள நேரத்தோடு கூட்டிக்கொள்ளும். போகவும் வரவும் சம நேரம் என்பது அதன் ஊகம். வீட்டுக் கணினிக்கு இது தாராளம்.

அப்புறம், கணினியை அணைத்துப் போட்டதும் தேதியே பழைய வருடத்துக்கு ஓடுகிறதா? அணைத்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் பேட்டரியை மாற்றுங்கள்; கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 வகை.