பிளீச்சிங் பவுடர் போட்டால் கிணற்றில் வாடை கூடுகிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: சிப்காட் வளாகத்தை ஒட்டியது எங்கள் ஊர். மருந்து மூலப்பொருள் ஆலை ஒன்று எங்கள் தோட்டத்திலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழு மாதமாகக் கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் கூடுகிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தோம், 'குடிக்கத் தகுந்தது' என்று அறிக்கை வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் அந்த அறிக்கையை வைத்து அல்ல. அதை எடுத்து எதையெல்லாம் சோதித்தார்கள் என்று பாருங்கள். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு என்ற வழக்கமான பட்டியல்தான் இருக்கும். செயற்கை ரசாயனத்தைத் தேடவே இல்லையென்றால் 'தகுந்தது' என்ற முடிவு உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

பிளீச்சிங் பவுடரில் வாடை கூடுவது முக்கியத் தடயம். பீனால் என்ற ரசாயனம் பவுடரில் உள்ள குளோரினோடு சேர்ந்தால் குளோரோபீனால் ஆகும்; அது மிகச் சொற்ப அளவிலேயே நாறும். அதனால்தான் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் பீனால் வகைக்கு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 0.002 வரை. பீனால்தான் என்று இப்போதே மனுவில் எழுதிவிடாதீர்கள், சோதனை சொல்லட்டும்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் சோதனைத் திறனைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போங்கள். அந்த அங்கீகாரம் பீனால் சோதனைக்கும் உண்டா, அவர்களின் கருவி எந்த அளவுவரை கண்டுபிடிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். 0.01-க்குக் கீழே பார்க்க முடியாத ஆய்வகம் 'கண்டறியப்படவில்லை' என்று தந்தால், 0.001 வரம்புக்கு அது செல்லாக்காசு. மாதிரியை ஆய்வக ஊழியரே வந்து, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அவர்கள் கொண்டுவரும் கண்ணாடிப் புட்டியில் எடுக்கட்டும். நீங்கள் கேனில் பிடித்துக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உடைப்பது அதைத்தான். ஆலைக்குத் தொலைவில், வாடை இல்லாத ஒரு கிணற்றிலும் அதே நாளில் எடுங்கள். ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

ஆலையின் கழிவுநீரை நீங்களே மொண்டு சோதிக்க வேண்டாம். நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-இன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைக்கு நோட்டீஸ் தந்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுத்தால்தான் அதன் முடிவு சாட்சியமாகும். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் புகார் கொடுத்து அதைச் செய்யச் சொல்லுங்கள். ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையின் (கழிவுநீர் வெளியேற்றத் தரும் அனுமதி) நிபந்தனைகள் உள்ள பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் பார்க்கலாம் என்று பிரிவு 25(6) சொல்கிறது. தகவல் உரிமை மனுவின் 30 நாளுக்குக் காத்திருக்காமல் நேரே போய்க் கேளுங்கள்.

ஐ.எஸ். 10500 வெறும் தர நிர்ணயம். உங்கள் கிணற்றுக்கு அது தானாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. புட்டித் தண்ணீருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்தத் தனிப் பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; ஐ.எஸ். 10500-இல் குளோர்பைரிபாஸ் என்ற ஒரு பூச்சிமருந்துக்கே 0.03 வரை உண்டு. முந்நூறு மடங்கு வித்தியாசம்! ஆகவே மனுவை 'வரம்பு மீறல்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஆலை நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதே வழக்கு. வரம்பு அதற்கான அளவுகோல்.

சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டம் 2010, பிரிவு 29 குறுக்கே நிற்கும். சென்னையில் உள்ள அதன் தென்மண்டல அமர்வுதான் இடம். சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் பிரிவு 14-இல் மனுப்போட, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, அந்தக் கதவு மூடப்போகிறது. ஆனால் இழப்பீடும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்வதும் கேட்கும் பிரிவு 15-க்கு ஐந்து ஆண்டு உண்டு. அதையே முதன்மையாக வையுங்கள். இழப்பீட்டில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் கட்டணமே இல்லை. விபத்தால் நேர்ந்த கேடு என்றால் ஆலையின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, அதற்குப் பிரிவு 17 தவறில்லாப் பொறுப்பைச் சொல்கிறது. ஆனால் இந்த வாடை அந்த ஆலையிலிருந்துதான் வந்தது என்பதைக் காட்டியே ஆகவேண்டும். அதற்குத்தான் இரண்டு கிணற்று மாதிரியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாதிரியும்.

மனுவோடு இடைக்கால மனு ஒன்றும் சேர்த்து, லாரித் தண்ணீர் கேளுங்கள். அதுவரை அந்தக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம். காய்ச்சினால் இந்த ரசாயனம் போய்விடும் என்று நம்பியும் குடிக்க வேண்டாம்.