மெமரி கார்டில் இருக்கும் வி30, யு3 என்பதெல்லாம் என்ன? குடும்பச் சுற்றுலாவுக்கு எது போதும்?

அது கார்டின் எழுதும் வேகம், அதாவது படமும் வீடியோவும் கார்டில் பதிவாகும் வேகம். வி30 என்றால், வீடியோ பதிவாகும்போது விநாடிக்கு குறைந்தது 30 எம்பி வேகத்தை கார்டு விடாமல் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். யு3-க்கும் அதே 30 தான்.

இது ஏன் முக்கியம்? கேமரா படத்தை முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கார்டுக்கு அனுப்புகிறது. புனல் வைத்து பாட்டிலில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான். பாட்டிலின் வாய் குறுகலாக இருந்தால் புனல் நிரம்பிவிடும். கொஞ்சம் நிறுத்தித்தான் ஊற்ற வேண்டும். குழந்தை தண்ணீரில் குதிப்பதைத் தொடர்ந்து கிளிக் செய்கிறீர்கள், ஏழெட்டுப் படத்துக்குப் பிறகு கேமரா திணறுகிறது, ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. புனல் நிரம்பிவிட்டது!

சாதாரண 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி (மெகாபைட்), அதாவது 12.5 எம்பி. எனவே வி30 தாராளம். 128 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு வாங்குவதே என் கட்சி. ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணமாவது மிஞ்சும். ஆனால் பழைய கேமராக்கள் சில 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான். கணினிக்கு மாற்றும்போது உதவுமே தவிர, அதை வைத்து எழுதும் வேகத்தை எடைபோட முடியாது.