அரை மணி நேரத்தில் ஒரு சிறுகதை

அன்புள்ள ஐயா,

நண்பர்களுடன் பாலு மகேந்திராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "மூன்றாம் பிறை எடுத்த மனிதர் கடைசியில் டி.வி.க்கு அரை மணி நேரக் கதை எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார், பாவம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஆறு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். சொந்தப் படம் இன்னும் அமையவில்லை. இப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரை இயக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. அங்கே போனவர்களைச் சினிமா திரும்பச் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்கள். உண்மையிலேயே அது இறக்கம்தானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் 'பாவம்' என்று சொன்ன இடத்தில் எனக்குப் பொறாமைதான் வருகிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி சன் டி.வி.யில் வந்த 'கதை நேரம்' தொடருக்காக, 52 தமிழ்ச் சிறுகதைகளை வாரம் ஒன்றாகப் படமாக்கினார் பாலு மகேந்திரா. தமிழில் வேறு எந்த இயக்குநருக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தது? கிடைத்தாலும் எத்தனை பேர் உட்கார்ந்து 52 கதைகளைத் தேடிப் படித்திருப்பார்கள்?

அவர் பாதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது விளங்கும். மட்டக்களப்புக்காரர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு மலையாளத்தில் ராமு காரியட்டின் 'நெல்லு' படத்தில் தொடங்கினார். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். இயக்குநரான பிறகும் மற்றவர்களுக்கு ஒளிப்பதிவு செய்வதைக் குறைச்சலாக நினைக்கவில்லை. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' அவர் ஒளிப்பதிவு. மணிரத்னத்தின் முதல் படத்துக்கும் அவர்தான். இன்னது செய்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற கணக்கெல்லாம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இறக்கம் என்று ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், நான் காட்டுவது 1984இல் வந்த 'நீங்கள் கேட்டவை'. தலைப்பே ஒரு வாக்குமூலம். கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன், ஆளை விடுங்கள் என்கிற தொனி. அது பெரிய திரையில், தியேட்டர்களில் ஓடிய படம்தான். (பாடல்களை நானும் முணுமுணுத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.)

அதன் பிறகுதான் 'வீடு' வருகிறது. அதில் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிறார். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. திரும்பும் வழியில் இறந்துபோகிறார். இது சிறுகதைக்காரனின் காட்சி. நாவலாசிரியனாக இருந்தால் தாத்தாவின் மொத்த வாழ்க்கையையும் அங்கே கொண்டுவந்து கொட்டியிருப்பான். பாலு மகேந்திராவுக்கு ஒரு சுவரும் ஒரு கையும் போதும்.

அடுத்து அதே பாகவதரை வைத்து எடுத்த 'சந்தியா ராகம்' யாருக்காக எடுக்கப்பட்டது தெரியுமா? தூர்தர்ஷனுக்காக. ஆக, 'கதை நேர'த்துக்குப் பத்து வருடம் முன்பே அவருடைய மிகச் சிறந்த படங்களில் ஒன்றுக்குத் தொலைக்காட்சிதான் பணம் போட்டிருக்கிறது.

அவர் வேலை செய்த விதமும் சின்னத்திரைக்குப் பொருந்தி வந்தது. சன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நாலு பேரைப் படம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய செட் வேண்டாம், ஊர்ப்பட்ட விளக்குகள் வேண்டாம். மற்ற இயக்குநர்களுக்குப் பணமுடையாகத் தோன்றியிருக்கக்கூடிய தொலைக்காட்சிச் சிக்கனம் அவருக்கு ஏற்கெனவே பழகிய நடைமுறை.

'கதை நேரம்' வந்த காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா தொடர்களைப் பார்ப்பவர் அல்ல, கேட்பவர். அடுப்படியில் தாளித்துக்கொண்டே யார் அழுகிறார்கள், யார் சூழ்ச்சி செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். 'கதை நேரம்' ஓடியபோது அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "டி.வி.யை அணைத்துவிட்டாயா? சத்தமே காணோமே." அணைக்கவில்லை அம்மா, வந்து பார் என்றேன். கரண்டியோடு வந்து நின்றார். மாலனின் 'தப்புக் கணக்கு' ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை போட்ட கணக்கைப் பள்ளியில் தப்பென்று அடித்துவிடும் கதை. அம்மா உட்காரவில்லை, திரும்பியும் போகவில்லை. அன்று ரசத்தில் கடுகு கருகியிருந்தது.

இந்தக் கடுகை வைத்துத்தான் நான் தொடர்களைப் பிரிப்பது. அடுப்படியிலிருந்து கேட்டாலே புரிகிற தொடருக்கு இயக்குநர் எதற்கு? வசனம் எழுதுபவரும் நடிகர்களும் போதும். கேமரா அங்கே சாட்சிக்கு நிற்கிறது.

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயத்துக்கும் வருகிறேன். 'கதை நேர'த்துக்குப் பிறகும் அவர் படம் எடுத்தார். 2013 டிசம்பரில் வந்த 'தலைமுறைகள்' அவருக்கு 74 வயதில் வெளியான படம். தாத்தாவாக அவரே நடித்தார். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2014 பிப்ரவரியில் காலமானார். 'கதை நேரம்' நடந்தபோது அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் வெற்றிமாறன். அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் நெகடிவ்கள் அழிந்துபோனதை அவரே மேடைகளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். 'கதை நேர'த்தின் கதைகள் பலவும் யூடியூபில் கிடைக்கின்றன. இன்று இரவே பார்க்கலாம்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே கையெழுத்துப் போட ஓடாதீர்கள். கதையை அவர் தேர்ந்தெடுத்தார், ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே செய்தார், அரை மணியில் முடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனார். உங்களுக்கு வந்திருப்பது என்ன வாய்ப்பு என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. வாரத் தொடரா, தினசரித் தொடரா? ஒரு நாளில் எத்தனை காட்சிகள் எடுத்துத் தர வேண்டும் என்கிறார்கள்? அதை எழுதுங்கள், பிறகு பேசுவோம்.