சென்னை – சிங்கப்பூர்: தூரமும் பறக்கும் நேரமும் (கேள்வி பதில்)

கே: சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? ஓரிடத்தில் 2,920 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 1,575.

ப: இரண்டும் ஒரே தூரம்தான். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு நேர்வழியில் சுமார் 2,920 கி.மீ. விமானிகள் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 1,815 என்று பார்த்தால் அது சாதாரண மைல்.

கே: டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரமா!

ப: பயப்படாதீர்கள், நாலேகால்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். அங்கே இரவு 8.00க்குக் கிளம்பினால் இங்கே 9.45க்கே இறங்கிவிடலாம். சூரியனை வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1982 முதல் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருப்பதால்தான் அங்கே விடியவே ஏழு மணி ஆகிறது.

கே: 2,920ஐ விமானத்தின் வேகமான மணிக்கு 840 கி.மீ.ஆல் வகுத்தால் மூன்றரை மணிதானே வருகிறது? மீதி முக்கால் மணி எங்கே போனது?

ப: டிக்கெட்டில் இருப்பது, கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்பதுவரையான நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து வரிசையில் நிற்பதற்கு 15–20 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. அதில் இன்னொரு 15–20. சாங்கியில் தரைதொட்டபின் 5–10. மணிக்கு 840 என்பது ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளின் வேகம். 787, ஏ350 போன்ற பெரிய விமானம் 900ஐத் தொடும். கால் மணி மிச்சம்.

கே: கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் போய்விடலாம் என்கிறார்களே?

ப: அது ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துக் கணக்கு. இந்த வழித்தடத்தில் ஜூன் முதல் செப்டம்பர்வரை அப்படியே தலைகீழ். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார். அதன் உச்சவேகம் சுமார் 14 கி.மீ. உயரத்தில்; 11–12 கி.மீ.யில் பறக்கும் நம் விமானத்தையும் அது விடுவதில்லை. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்றால் போகையில் 16 நிமிடம் கூடும். அதே காற்றில் திரும்பினால் 14 நிமிடம் குறையும். ஜூலையில் சாங்கியில் வேறு விமானம் மாற வேண்டியவர்கள் இடைவெளியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

கே: திருச்சி தெற்கே இருக்கிறதே, அங்கிருந்து இன்னும் கிட்டவா?

ப: இல்லை. தெற்கே தள்ளியிருந்தாலும் மேற்கேயும் தள்ளியிருக்கிறது. சுமார் 2,980 கி.மீ.

கே: கொழும்பு வழியா, கோலாலம்பூர் வழியா, எது சுற்று?

ப: கொழும்பு. மொத்தம் 3,400 கி.மீ. ஆகிவிடும். கோலாலம்பூரோ நேர்வழியிலேயே கிடக்கிறது, தூரம் கூடுவதே இல்லை எனலாம். நேரத்தைத் தின்பது மாறுவதுதான். இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் குடிநுழைவு தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கோலாலம்பூரில் முனையம் 1, முனையம் 2 இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள், இடையே ரயில். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்காதீர்கள்.