மூளை ஆராய்ச்சி செய்ய டாக்டராகத்தான் வேண்டுமா?

வணக்கம் ஐயா. தலைக்காயம் பட்டவர்களின் மூளையை ஆராய வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், மருத்துவப் படிப்புக்கு மார்க் எட்டுமா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள். மூளைக்குள் எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று ஆராய்கிறவர்களில் பலர் டாக்டர்கள் இல்லை. இயற்பியல், உளவியல், கணினி, பொறியியல் படித்துவிட்டு வந்தவர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதைக்காகப் பாறை தகர்க்கும்போது, ஃபினியஸ் கேஜ் என்பவரின் இடது கன்னத்தில் ஒரு இரும்புக் கம்பி புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார், குணம்தான் மாறிப்போனது என்றார்கள். 1860இல் இறந்தார். மூளையை யாரும் எடுத்து வைக்கவில்லை, மண்டையோடு மட்டும் மிச்சம். 2012இல் ஜான் வான் ஹார்ன் என்ற நரம்பறிவியலாளரின் குழு அந்த மண்டையோட்டின் சி.டி. படத்தை எடுத்துக்கொண்டது. அதோடு ஆரோக்கியமான 110 ஆண்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பொருத்தி, கம்பி எதையெல்லாம் அறுத்திருக்கும் என்று கணக்கிட்டது. மூளையின் மேற்பரப்பான புறணியில் சுமார் 4 சதவீதம்தான் அடிபட்டிருந்தது. பகுதிகளை இணைக்கும் வெண்பொருளில் சுமார் 11 சதவீதம் போயிருந்தது. கம்பி தொடாத பகுதிகளும் இணைப்பை இழந்திருந்தன. இவ்வளவையும் கண்டுபிடிக்க ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை, பாருங்கள். தேவைப்பட்டது கணக்கும் நிரலும்.

இன்றைய விபத்துகளிலும் எந்த இணைப்பு போயிற்று என்ற இதே கேள்விதான். தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. சி.டி. எடுத்தால் எல்லாம் சரி என்று வரலாம். ஆனால் அடிபட்டவருக்கோ ஞாபகம் தடுமாறும், கவனம் நிற்காது. இழைகளின் திசையில் நீர் மூலக்கூறுகள் எளிதாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது. அந்த நகர்வை அளக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ.யை வைத்துத்தான் இழைகளின் பாதையை வரைகிறார்கள்.

வண்ண வண்ணமாக வரும் அந்தப் படங்களைப் பார்த்து மகள் மயங்கியிருந்தால், அன்றாட வேலை என்ன என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். ஸ்கேனுக்குள் நோயாளி தலையை அசைத்திருப்பார். அந்தத் தரவைத் தேற்ற முடியுமா, தூக்கிப்போடுவதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் கசிந்த மூளையில் மென்பொருள் எல்லையைத் தவறாக வரையும். படத்தைத் துண்டு துண்டாகத் திறந்து கையால் திருத்த வேண்டும். இது பொறுமைசாலிகளின் வேலை.

அதனால் ஒரு சின்னச் சோதனை. மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் ஹ்யூமன் கனெக்டோம் என்ற ஆய்வுத் திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களின் மூளைப் படங்கள் இருக்கின்றன. பதிவு செய்தால் இலவசம். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, அதில் ஒரே ஒருவரின் படத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளே ஏதாவது பிழைச்செய்தி வந்து நிற்கும். அதோடு மல்லுக்கட்ட அவளுக்குப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால், மார்க்கை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

பட்டப்படிப்பு எதுவானாலும் புள்ளியியலும் நிரலாக்கமும் கூடவே வரட்டும். நோயாளிக்கு மருந்து எழுத வேண்டும், அறுவை செய்ய வேண்டும் என்றால் மட்டும் மருத்துவத்தைத் தவிர வழியில்லை. காயத்துக்குப் பின் ஞாபகம், கவனம் எப்படி இருக்கிறது என்று சோதித்துத் தேற உதவும் வேலைதான் பிடிக்கிறதென்றால், மருத்துவ நரம்பு உளவியல் என்று தனித் துறையே இருக்கிறது.

சம்பாத்தியம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பிஎச்.டி. முடிய நாலைந்து வருடமாவது பிடிக்கும். அதற்குப் பிறகும் சில காலம் ஒப்பந்தப் பதவிகள்தான், பேராசிரியர் வேலை எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் படத் தரவை அலசத் தெரிந்தவர்களுக்கு மருத்துவக் கருவி நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் இடம் உண்டு. அதனால் ஆய்வகம் தேடும் காலம் வரும்போது வழிகாட்டியின் புகழை மட்டும் பார்க்க வேண்டாம். அங்கே முடித்துப்போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று அங்கிருக்கும் மாணவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.