டெஸ்ட் தூங்குகிறது, ப்ராசஸ் போக மறுக்கிறது: டைமர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் டைமர் பற்றித்தான். எந்த ரன்டைம், எந்த வெர்ஷன் என்று எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு நோட் (Node.js, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ரன்டைம்) என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கே: செட்டைம்அவுட்டுக்கு (setTimeout, சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) 0 கொடுத்தால் உடனே ஓட வேண்டாமா?

ஓடாது. நோடில் 0 என்பது 1 மில்லிசெகண்ட் ஆகிவிடும். பிரவுசரில் டைமருக்குள் டைமர் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஐந்து அடுக்குக்கு மேல் குறைந்தது 4 மில்லிசெகண்ட்.

கே: 30 நாள் கழித்து ஓட வேண்டிய டைமர் உடனே ஓடிவிடுகிறது. இது நோடில் உள்ள பிழையா?

இல்லை. உச்ச வரம்பு 2147483647 மில்லிசெகண்ட், அதாவது கிட்டத்தட்ட 25 நாள். தாண்டினால் 1 ஆக்கிவிடும். டெர்மினலில் வார்னிங்கும் வந்திருக்குமே, படிக்கவில்லையா? அது இருக்கட்டும், உங்கள் ப்ராசஸ் 30 நாள் ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்கும் என்று யார் சொன்னது? தேதியை டேட்டாபேஸில் எழுதி வையுங்கள்.

கே: 100 மில்லிசெகண்ட் டைமர் 100-க்கும் 105-க்கும் நடுவில் வருகிறதா என்று டெஸ்ட் எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் பாஸ், சிஐயில் (CI, டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் சர்வர்) அவ்வப்போது ஃபெயில். வரம்பை 150 ஆக்கலாமா?

ஆக்காதீர்கள். இன்று 150, அடுத்த மாதம் 300, அப்புறம் "ஃபெயில் ஆனால் மூன்று தடவை ரீட்ரை" என்று ஒரு செட்டிங், கடைசியில் சிவப்பு வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு டெஸ்ட் சூட். இதே கதையை எத்தனை கோடுபேஸில்தான் பார்ப்பது!

திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: "இதற்கு முன் கூப்பிட மாட்டேன்" என்பதற்கு மேல் டைமர் எந்த வாக்கும் தருவதில்லை. ஈவென்ட் லூப் (காத்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் சுழற்சி) வேறு கால்பேக்கில் (பிறகு கூப்பிடக் கொடுத்த ஃபங்ஷனில்) மாட்டியிருந்தால், பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் நடந்தால், சிஐ மெஷினில் பக்கத்து ஜாப் சிபியுவைத் தின்றால், உங்கள் டைமர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு வாக்கைக்கூட மில்லிசெகண்டுக்குக் கீழே நம்ப முடியாது. லூப் தன் நேரத்தை முழு மில்லிசெகண்டாக வெட்டி வைத்திருப்பதால் பெர்ஃபாமன்ஸ்.நவ் (performance.now, மில்லிசெகண்டுக்குக் கீழும் அளப்பது) வைத்து அளந்தால் 99 புள்ளி சொச்சம் என்றும் வரும். டேட்.நவ் வைத்து அளக்கிறவர்களுக்குத் தனியாகத் திட்டு உண்டு, சிஸ்டம் கடிகாரத்தை நடுவில் யாராவது திருத்தினால் அது பின்னாலும் போகும்.

முதலில், நீங்கள் டெஸ்ட் செய்வது லிப்யூவியையா (libuv, நோடின் ஈவென்ட் லூப்பை ஓட்டும் லைப்ரரி), உங்கள் கோடையா (code)? உங்கள் கோடு என்றால் போலிக் கடிகாரம் போதும். நோடின் டெஸ்ட் ரன்னரிலேயே மாக் டைமர் என்று அந்தப் போலிக் கடிகாரம் இருக்கிறது, 20.4-இல் வந்தது. எனேபிள் செய்து, 99 டிக் (கடிகாரத்தை 99 மில்லிசெகண்ட் நகர்த்துவது), கூப்பிடவில்லை. இன்னும் 1 டிக், கூப்பிட்டாயிற்று. ஒரு மில்லிசெகண்ட்கூடத் தூங்க வேண்டாம். ஆனால் நோட் டைமர்ஸ் மாட்யூலிலிருந்து செட்டைம்அவுட்டைப் பிரித்து இம்போர்ட் செய்த கோடில் அந்த மாக் வேலை செய்யாது. அடுத்தது அவெய்ட் (await, ஒரு ப்ராமிஸ், அதாவது பிறகு வரப்போகும் பதில், வரும்வரை காத்திருப்பது). 1, 2, 4 செகண்ட் இடைவெளியில் ரீட்ரை செய்யும் கோடுக்கு ஒரே தாவலாக 7 செகண்ட் டிக் கொடுத்தால் முதல் டைமர் மட்டும்தான் ஓடும், ஏனென்றால் ப்ராமிஸ் நகர்ந்தால்தான் இரண்டாவது டைமரே பிறக்கும். ஜெஸ்ட், சைனான் என்ற டெஸ்ட் லைப்ரரிகளில் இதற்கென்றே, நடுவில் ப்ராமிஸை நகரவிடும் அஸிங்க் டிக் உண்டு. நிஜ நேரத்தில் ஓடும் டெஸ்ட் ஒன்றிரண்டு இருக்கட்டும், தனி ஃபோல்டரில், மேல் வரம்பு இல்லாமல்.

கே: எல்லா டெஸ்ட்டும் பாஸ், ஆனால் ப்ராசஸ் 30 செகண்ட் கழித்துத்தான் முடிகிறது.

ப்ராமிஸ்.ரேஸில் (எது முதலில் முடிகிறதோ அதை எடுப்பது) ஒரு டைம்அவுட் போட்டு, உங்கள் வேலை ஜெயித்த பிறகு டைமரைக் கிளியர் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஃபைனலியில் (எப்படி முடிந்தாலும் ஓடும் பகுதி) கிளியர்டைம்அவுட் போடுங்கள். அன்ரெஃப் (இந்த டைமருக்காகக் காத்திருக்காதே என்று சொல்வது) செய்தாலும் ப்ராசஸ் முடியும், ஆனால் அது குப்பையைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவதுதான்.

கே: 50,000 கனெக்‌ஷன், ஒவ்வொன்றுக்கும் 30 செகண்ட் ஐடில் டைம்அவுட். வேகத்துக்காக நானே டைமர் வீல் (டைமர்களை நேர வாரியாகப் பெட்டிகளில் போட்டு வைக்கும் அமைப்பு) எழுதலாமா?

அளந்து பார்த்தீர்களா? கேள்வியில் ஒரு ப்ரொஃபைல்கூட இல்லை. நோட் ஒரே கால அளவுள்ள டைமர்களை ஒரே லிங்க்ட் லிஸ்டில் கோர்க்கிறது, புதியது வாலில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் செலவு. எது முதலில் முடியும் என்று வரிசைப்படுத்தும் ஹீப்பில் இருப்பது லிஸ்ட்கள்தான், தனித்தனி டைமர்கள் அல்ல. அதனால் 50,000 டைமரும் 30 செகண்ட் என்றால் லிஸ்ட் ஒன்றே ஒன்று. கனெக்‌ஷனுக்கு ஒரு ரேண்டம் கால அளவு கொடுத்தீர்களோ, ஆயிரக்கணக்கில் லிஸ்ட் முளைக்கும். டேட்டா வரும்போதெல்லாம் கிளியர் செய்து புதிதாக வைக்காமல் ரெஃப்ரெஷ் கூப்பிடுங்கள், புது ஆப்ஜெக்ட் உருவாகாது.

கே: செட்இமீடியட் (setImmediate, லூப்பில் ஐஓ கட்டம் முடிந்ததும் கூப்பிடுவது) முதலில் வருமா, செட்டைம்அவுட் 0 முதலில் வருமா?

ஐஓ (ஃபைல், நெட்வொர்க் வேலை) கால்பேக்குக்குள் இமீடியட்தான். மெயின் ஸ்கிரிப்டில் சொல்ல முடியாது. அந்த வரிசையை நம்பி எழுதிய கோடு இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

கே: செட்இன்டர்வல் (setInterval, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது) வைத்த கடிகாரம் போகப் போகப் பின்தங்குகிறது.

பின்தங்கத்தான் செய்யும். இதற்கு முன் இல்லை என்பதுதானே வாக்கு? ஒவ்வொரு தடவையும் ஏற்படும் சின்னத் தாமதம் அடுத்ததன் தலையில் ஏறும். தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, அடுத்தது எப்போது வர வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டு, மீதி நேரத்துக்குச் செட்டைம்அவுட் வையுங்கள். பிரவுசர் டேப் பின்னால் போனால் செகண்டுக்கு ஒரு முறைதான், குரோமில் 5 நிமிடம் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறையாகக்கூட இறங்கும். ஆகவே திரையில் காட்டும் நேரத்தை டிக்கை எண்ணிக் காட்டாதீர்கள், கடிகாரத்தைப் படித்துக் காட்டுங்கள்.